அவனுக்கு முகம் தெரிகிறது

ஸ்னைப்பர்களை, அதாவது மறைந்திருந்து வெகு தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் படைவீரர்களைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. காணொளி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. நான் எழுந்து நின்றதும், "பறவை பார்ப்பவர் கொஞ்சம் உட்காருங்கள்" என்று மேடையிலிருந்து சொல்லப்பட்டதும், அரங்கம் சிரித்ததும் அதில் தெளிவாகவே இருக்கின்றன. சிரித்தவர்களில் மூவர் என் வீட்டில் கை நனைத்தவர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்னைப்பர்களைத் தரவரிசைப்படுத்திப் பேசிய நண்பர், "அவ்வளவு தொலைவிலிருந்து சுடுபவனுக்கு எதிராளி வெறும் புள்ளி, வீடியோ கேம் மாதிரி, மனத்தில் ஒட்டாது" என்றார். தவறு. பீரங்கியை இயக்குபவருக்குத் தாம் கொன்றவரின் முகம் பெரும்பாலும் தெரியாது. ஸ்னைப்பருக்குத் தெரியும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 2009 நவம்பரில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணத்தில் பிரிட்டிஷ் படைவீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டருக்கு அப்பால் இருந்த இரண்டு தாலிபான் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களைச் சுட்டார். கூட்டத்தில் முதல் கைதட்டல் இந்த எண்ணுக்குத்தான். அவ்வகைத் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கியை முழுவதும் திருகினால் 25 மடங்கு பெரிதாகக் காட்டும். வகுத்துப் பாருங்கள், நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஆள். தெருமுனையில் அந்த அளவு தூரத்தில் போகிறவரை நடையை வைத்தே அடையாளம் கண்டு நாம் கூப்பிடுகிறோம். அதுவும் சாதனைத் தொலைவு. 500 மீட்டர் என்றால் அதே கண்ணாடியில் இருபது மீட்டர், அதாவது எதிர்வீட்டு வாசல்.

மேலும், சுடுவது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. ஸ்னைப்பரும், பக்கத்திலிருந்து இலக்கைப் பார்த்துச் சொல்லும் அவருடைய துணைவரான ஸ்பாட்டரும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், அசையாமல் படுத்துக்கொண்டு, யார் எந்த வாசலிலிருந்து வருகிறார், எப்போது வெளியே வந்து புகைக்கிறார் என்றெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள். சுட்ட பிறகும் கண்ணை எடுக்க முடியாது. பட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 2017-இல் இராக்கில் கனடா நாட்டு ஸ்னைப்பர் ஒருவர் 3,540 மீட்டரில் சுட்டபோது, குண்டு போய்ச் சேரப் பத்து விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆனதாகச் செய்திகள் கூறின. பத்து வரை எண்ணிப் பாருங்கள். அதுவரை அந்த மனிதன் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பறவை பார்ப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? ஸ்பாட்டர் வைத்திருப்பதும் நான் முக்காலியோடு ஏரிக்கரைக்குத் தூக்கிச் செல்வதும் ஒரே வகைத் தொலைநோக்கி என்பதால் தெரியும். கண்ணாடிக்குள் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அவர்கள் காற்றைக் கணிக்கிறார்கள். அதே கானல்தான் வெயிலேறிய பின் நாரையின் கால்களை எனக்கு நெளியவைத்துக் காட்டுகிறது. போகட்டும், ஸ்னைப்பர் என்ற சொல்லே 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் உள்ளான் சுடப் போனதிலிருந்து வந்ததுதான். அந்தப் பறவையின் ஆங்கிலப் பெயர் ஸ்னைப். மேடையில் இதை யாரும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அக்கரைக் கோரைப்புல்லில் உள்ளானைத் தேடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குள் ஒருவர் வந்துவிட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து எதையோ, கறிவேப்பிலையாகத்தான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றாக எடுத்து மூடியின் ஓரத்தில் வைத்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது; பக்கத்தில் யாரும் இல்லை. நான் கண்ணை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அடுத்த வாரம் கடைத்தெருவில் அவர் எதிரே வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. வெறுமனே பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

"பின்லாந்து ஸ்னைப்பர் சிமோ ஹாய்ஹா போரில் 500 பேருக்கு மேல் சுட்டும் 96 வயது வரை வாழ்ந்தாரே" என்று நேற்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அவர் துப்பாக்கியில் தொலைநோக்கியே பொருத்தாதவர், வெறும் இரும்புக் குறியால் சுட்டவர். தொலைவு பற்றிய வாதத்துக்கு அவர் எப்படிச் சாட்சியாவார்? 1940 மார்ச்சில் அவருடைய தாடை சிதறியதை உங்கள் பட்டியலில் காணோம். சோவியத் பெண் ஸ்னைப்பர் லுத்மிலா பாவ்லிசென்கோவுக்கு நேராக, சுட்டுக் கொன்றவர்கள் 309 என்ற எண் மட்டும் இருந்தது. 1942-இல் அமெரிக்கா போன அவரிடம் செய்தியாளர்கள் உதட்டுச்சாயம் பற்றிக் கேட்டார்கள். நம் கூட்டத்தின் கேள்விகளும் ஏறக்குறைய அந்தத் தரம்தான். கணவரைப் போரில் இழந்த அவர் 58 வயதில் இறந்தார். ஹாரிசன் பின்னாளில் மன அதிர்ச்சி நோயால் அவதிப்பட்டார். மனத்தில் ஒட்டாதாம்!

ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. முகம் தெரிந்தும் சுட்டார்களே, போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில்? 1992 முதல் 1996 வரை நீடித்த அந்த முற்றுகையில், தண்ணீர் எடுக்கப் போன பெண்களையும், தெருவைக் கடந்த பிள்ளைகளையும் குன்றுகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் சுட்டார்கள். தெருமுனைகளில் "ஸ்னைப்பர், கவனம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆம், முகம் தெரிந்தால் கை நடுங்கும் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை கூட்டத்தில் அப்படித் தொனித்திருக்கலாம். சுடப்பட்டவர் பொதுமகன் என்பது சுட்டவனுக்குத் தெரிந்திருக்குமா என்று தொலைவு, வெளிச்சம், உடை ஆகியவற்றை வைத்து ஹேக் நகரிலிருந்த போர்க்குற்றத் தீர்ப்பாயம் சம்பவம் சம்பவமாக ஆராய்ந்தது. முற்றுகையிட்ட போஸ்னிய செர்பியப் படையின் தலைவர் ஸ்டானிஸ்லாவ் காலிச்சுக்கு 2006-இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. வெறும் புள்ளி என்று நீங்கள் சொல்வது அந்தக் குன்றுகளில் படுத்திருந்தவர்களுக்கு எவ்வளவு வசதியான வாக்குமூலம் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

"மறைந்து நின்று வாலியைக் கொன்றதையே ஏற்றுக்கொண்ட நாடு இது" என்றும் ஒருவர் நையாண்டி செய்திருந்தார். வாலிக்காவது அம்பைப் பிடுங்கிப் பெயரைப் படிக்கவும், எய்தவனை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கவும் அவகாசம் இருந்தது.

அடுத்த மாதம் ட்ரோன்களைப் பற்றிய உரையாம். முதல் பத்து இடங்களுக்கான பட்டியல் தயாராகிவிட்டதாகக் கேள்வி. அழைப்பிதழ் அனுப்பியவருக்கு நன்றி. அன்று காலை நான் ஏரிக்கரையில் இருப்பேன்.