வீட்டுக்கே வரும், ஆனால் சோதனை உண்டு

'அமெரிக்காவில் ராணுவத்தின் பழைய எம்1 கேரண்ட் துப்பாக்கியைப் பின்னணிச் சோதனையே இல்லாமல் தபாலில் வாங்கிவிடலாம்' என்பது தவறு. விற்பது ராணுவம் அல்ல, சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) என்கிற லாபநோக்கற்ற அமைப்பு. 1996-இல் வந்த சட்டப்படி இயங்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கி நேராக வீட்டுக்கே வருவது உண்மைதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அனுப்பும் முன்பே எஃப்பிஐ-யின் நிக்ஸ் என்கிற பின்னணிச் சோதனையை சிஎம்பி-யே முடித்துவிடுகிறது. அதில் தேறாதவருக்குத் துப்பாக்கி போகாது.

அதோடு குடியுரிமைச் சான்று, சிஎம்பி-யுடன் இணைப்புபெற்ற சங்கத்தில் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சிக்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள்.

அப்புறம், ராணுவத்தின் இன்னொரு துப்பாக்கியான எம்14-ஐயும் இப்படி வாங்கலாம் என்பதும் சரியல்ல. கேரண்ட் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் சுடும். தொடர்ந்து சுடும்படி வடிவமைக்கப்பட்ட எம்14 அங்கே சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி, அதனால் அதை இப்படி வாங்க முடியாது.