ஓபராவுக்குப் பெரிய டிவி வேண்டாம், நல்ல ஸ்பீக்கர் வேண்டும்

பாடியே நடிக்கிற மேற்கத்திய இசை நாடகமான ஓபராவின் நேரலையை வீட்டில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது டிவி எத்தனை இஞ்ச் என்றுதான். இருக்கிற டிவியே போதும். கையில் காசு இருந்தால் ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஓபராவின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் பாஸ்கள் (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியங்கள்) மந்திர ஸ்தாயியில் ஈ-பிளாட் என்கிற ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு பசூன் என்கிற ஊதுகுழல்கள் சேரும், அதற்குப் பின் எட்டு ஹார்ன்கள் (பித்தளைக் கொம்புகள்) ஒவ்வொன்றாக வரும். நாலு நிமிடம் போலப் பெருகிக்கொண்டே போகிற அந்த இசைக்கு அடித்தளமே அந்த ஈ-பிளாட்தான். அது சுமார் 39 ஹெர்ட்ஸ். டிவிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டுவோம், மூன்றாவது நிமிடத்தில் வீடே அதிரும்.

ஆரம்பிக்கும் முன்பே 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். மெல்லியதைத் தூக்கி, உரத்ததை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்குவதுதான் அவற்றின் வேலை. உரத்த இடம் ஒன்றைப் போட்டுப் பார்த்து வால்யூமை வையுங்கள், அப்புறம் தொடாதீர்கள். ப்ளூடூத் வேண்டாம், ஒலி பிந்தி வந்து, பாடுகிறவர் வாயை மூடிய பிறகும் குரல் கேட்கும். சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ, ஹெட்போனுக்கு வயர், ரூட்டரிலிருந்து லேன் கேபிள்.

இதெல்லாம் செய்தாலும் ஒன்று கிடைக்காது: குரலின் பருமன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். அத்தனை பெரிய அரங்கில், முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, மைக் இல்லாமல் பாடுகிறார்கள். ஒளிபரப்பிலோ மைக் வைத்துச் சின்னக் குரலையும் பெரிய குரலையும் சரிசமமாக்கிவிடுகிறார்கள். நேரலையை மட்டும் கேட்டுவிட்டு, இன்னார் குரல் பெரியது என்று தயவுசெய்து தீர்ப்பு எழுதாதீர்கள்.

இன்னொரு ஆதங்கம் கேமரா. மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்', இரண்டாம் அங்கத்தின் முடிவு. மனைவியின் அறைக்குள் ஏவல் பையன் ஒளிந்திருக்கிறான் என்று பிரபு வாளோடு நிற்கிறார். கதவு திறந்தால் பணிப்பெண் சூசன்னா நிதானமாக வெளியே வருகிறாள். பிரபு திகைப்பது இருக்கட்டும், பிரபுவின் மனைவியும் அதே நொடியில் திகைக்கிறாள். அவளும் உள்ளே பையன் இருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்! அங்கே க்ளோசப் வைத்தால் பாதிக் காட்சி போயிற்று. மூவரும் ஒரே ஃப்ரேமில் இருந்தாக வேண்டும்.

நேரம் நம்மூருக்கு இடைஞ்சல்தான். இத்தாலியில் மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கின் டிசம்பர் 7 தொடக்க நாள் நிகழ்ச்சி அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு 10.30. முடிய விடிகாலை ஆகிவிடும். தூக்கம் கெட வேண்டாம் என்பவர்களுக்கு ஓபராவிஷன் இணையதளம் இருக்கிறது. இலவசம், சப்டைட்டிலோடு பல மாதம் வைத்திருப்பார்கள். புதியவர்கள் ஃபிகாரோவின் அந்த இரண்டாம் அங்க முடிவின் இருபது நிமிடத்திலிருந்தே தொடங்கலாம். முதல் தடவை சப்டைட்டிலோடு கதையைப் பிடியுங்கள். மறுதடவை சப்டைட்டிலை அணைத்துவிட்டு, இரண்டு பேரில் ஆரம்பித்து ஏழு பேராகிற அந்தக் கூட்டத்தில் சூசன்னாவின் குரலை மட்டும் விடாமல் பின்தொடருங்கள்.