இந்தியா மோட்டார் என்று சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை எத்தனை பேர்தான் எனக்கு அனுப்புவீர்கள்? பினாங்குப் பாலத்தின் ஓரத்தில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு தம்பி. "இந்தியா மோட்டார்லா, அப்படித்தான்" என்று ஒரு சிரிப்பு. அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். பி2 லைசென்ஸில் 250 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், இந்த வண்டிக்காகவே அடுத்த லைசென்ஸ் எடுத்தவன். அன்றைக்கு இன்ஜின் நிற்கவில்லை. பின் டயரில் ஆணி.

கம்பிச் சக்கரத்துக்குள் இருப்பது டியூப். ஆணி ஏறினால் காற்று மளமளவென்று இறங்கிவிடும். 195 கிலோ வண்டியைப் பாலத்தில் எவ்வளவு தூரம் தள்ளுவது? டியூப் போட்ட எந்த வண்டிக்கும் இதே கதிதான். திரும்பவும் சொல்கிறேன், அது ஆணி.

சரி, குறையே இல்லாத வண்டியா என்று கேட்பீர்கள். குறை இருக்கிறது; நானும் இதே வண்டிதான் வைத்திருக்கிறேன். பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம் போய்வந்து துடைக்காமல் விட்டால் உப்புக்காற்று வேலையைக் காட்டிவிடும். சக்கரக் கம்பியும் அதை இறுக்கும் நிப்பிளும் சேரும் இடத்தில்தான் முதலில் பழுப்புப் பொட்டு விழும். துணி முனையை முறுக்கி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். ஜார்ஜ்டவுன் நெரிசலில் வலது காலில் அனல் அடிக்கும். ஒரு கிளட்ச் கேபிளுக்கு "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஒரு கடையில் என்னை அலையவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"அந்தக் காசுக்கு வேகமான வண்டி வாங்கலாமே?" வேகத்துக்காகவா வாங்கினேன்? 349 சிசிக்கு 20 குதிரைத்திறன்தான். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே வந்துவிடும். ஒரே சிலிண்டர், பிஸ்டன் நீளமாக ஏறி இறங்கும் ஸ்ட்ரோக். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. அந்த இடைவெளியில்தான் அந்தத் துடிப்பே இருக்கிறது. துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவுக்கு ஏறும்போது அவசரமில்லாமல், மூச்சு வாங்காமல் இழுக்கும். அதை ஓட்டிப் பார்க்காதவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கப்சாய் என்னும் சின்ன மோட்டார் ஓட்டுபவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். என் அப்பா கப்சாய் ஓட்டித்தான் எங்களைப் படிக்கவைத்தார். இந்த வண்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து பாலிக் பூலாவ் கூட்டிப் போனேன். இறங்கியதும் டேங்க்கைத் தடவிப் பார்த்து, "இது மெட்ராஸ்ல செஞ்சதாப்பா?" என்றார். ஆமாம்பா என்றேன். 1955இலிருந்து என்ஃபீல்டின் புல்லட் வண்டியைச் செய்துவரும் ஊர் அது. இன்றைக்கும் அதன் பக்கத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்கிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேரின் கை பட்ட வண்டி!

பாலத்தில் நின்ற அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்ததும் ஒரு தமிழ்க் குரல்தான். வேறு யாராவது சிரித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஜப்பான் வண்டி நின்றால் அது பஞ்சர், நம்முடையது நின்றால் மட்டும் இந்தியா மோட்டாரா?

"விளையாட்டுக்குத்தானே" என்று சொல்லாதீர்கள். ஓடும் வண்டியிலிருந்து கைப்பேசியை நீட்டியவருக்கு, "என்ன தம்பி ஆச்சு?" என்று கேட்க வாய் வரவில்லையே! எடுத்தவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். அந்த வீடியோவை இன்றைக்கே நீக்கிவிடுங்கள். அந்தத் தம்பியின் முகம் அதில் நன்றாகத் தெரிகிறது. வேலையிடத்திலும் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்.