திருகோணமலைக் கடலில் எண்ணெய்க் கிணறா?

“திருகோணமலைக் கடலில எண்ணெய் கிடைச்சிட்டுது, ரிக் (கடலடியைத் துளைக்கும் மேடை) வருது, வேலைப் பதிவுக்குக் காசு கட்டுங்கோ” என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பொய்.

கூடவே வரும் படத்தில் இருப்பவை திருகோணமலை சீனக்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகள்: பிரித்தானியர் கட்டியவை, பல இன்னும் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்பவை. எண்ணெய் சேமிக்கத்தான் அவை. இந்தியன் ஒயிலின் இலங்கைக் கிளையோடு இலங்கை செய்த 2022 ஜனவரி ஒப்பந்தமும் அந்தத் தாங்கிகளைப் பற்றியதே. கடலடியைத் துளைப்பது பற்றியதல்ல.

2011இல் எண்ணெய் தேடும் கெயர்ன் நிறுவனம் இலங்கைக் கடலில் கண்டது எரிவாயு, அதுவும் மேற்கே மன்னார்ப் படுகையில். 2014இல் உலக எண்ணெய் விலை சரிந்தது. அடுத்த ஆண்டே கெயர்ன் வெளியேறியது. வணிக உற்பத்தி தொடங்கவேயில்லை.

ஆழ்கடல் துளையிடும் கப்பலின் ஒருநாள் வாடகை 2023இல் நாலு லட்சம் டொலரைத் தாண்டியது. அவ்வளவு செலவழிப்பவன் உங்களிடம் பதிவுக் காசு கேட்பானா? காசு கட்டியவர்கள் வங்கிச் சிட்டையோடு பொலிசில் முறையிடுங்கள்.