ஒரே கதையை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்

கதை சொல்லக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் "முதலில் ஒரு ஊடகத்தைப் பிடியுங்கள், அதிலேயே நில்லுங்கள்" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு சின்னக் கதையை எழுத்து, ஒலி, படக்கதை, காணொளி என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அது என்ன கதை என்பதே அப்போதுதான் பிடிபடும்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பக்கக் கதை. படிக்கத் தெரியாத பாட்டிக்கு, வெளியூரில் இருக்கும் அப்பாவின் கடிதத்தைப் பேரன் வாசித்துக் காட்டுகிறான். அதில் 'வேலை போய் மூன்று மாதம் ஆகிறது' என்று ஒரு வரி. அதை மட்டும் மறைத்துவிடுகிறான். அவ்வளவுதான்.

எழுத்தில் சுலபமாக வந்தது. 'அந்த வரியை அவன் வாசிக்கவில்லை' என்று எழுதினேன், முடிந்தது. அதையே வானொலி நாடகம் மாதிரி ஒலியில் செய்ய உட்கார்ந்தபோதுதான் திணறினேன். வாசிக்காத வரியை எப்படிக் கேட்க வைப்பது? பல தடவை பதிவு செய்து அழித்தேன். கடைசியில் பையனை அந்த வரிக்குள் இறங்க விட்டேன். "வேலை போய்..." என்று நிற்கிறான். தாள் சரசரக்கிறது. "என்னப்பா?" என்கிறாள் பாட்டி. "போய்க்கிட்டிருக்காம் பாட்டி, நல்லா." அதற்குப் பிறகு முன்னைவிட வேகமாக வாசிக்கிறான். பாதிச் சொல்லில் திரும்பும் அந்தப் பொய், ஒலிக்காக மெனக்கெட்டதால் கிடைத்தது.

படக்கதையில் இன்னொரு வசதி. ஒரே கட்டத்துக்குள் தாளில் இருக்கும் வரியையும் காட்டலாம், பேச்சுக் குமிழிக்குள் அவன் சொல்வதையும் போடலாம். வாசகருக்கு இரண்டும் தெரியும், பாட்டிக்கு ஒன்றுதான். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. நான் குச்சி மனிதர்களைத்தான் வரைந்தேன்.

அப்புறம் காணொளி. ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன், சலனமற்ற ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி போன்றவற்றோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பார்கள். அதை நம்பி, நடித்த சிறுவனிடம் "எதுவும் செய்யாதே, தாளைப் பார்" என்றேன். தாள், அவன் முகம், பாட்டியின் சிரிப்பு, மறுபடி அவன் முகம். ஒட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போனது இவனுடைய அப்பாவுக்கு! அவனுக்கும் இது அப்போதுதான் தெரிகிறது. எழுதும்போது பாட்டியை மட்டுமே நினைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையை நான் மறந்தே போயிருந்தேன்.

இப்படித் தாவினால் எதிலும் ஆழம் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு கலையில் கை பழக வருடக்கணக்கில் ஆகும், சரி. ஆனால் ஒரு பக்கக் கதையை நான்கு விதமாகச் செய்ய எனக்குச் சில வாரங்கள்தான் ஆயின. கேமராவிலும் மென்பொருளிலும் தொடங்கும் வகுப்புகள் இந்தச் சில வாரங்களை ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மறுபடி எழுத்துக்கே வந்தேன். 'அந்த வரியை அவன் வாசிக்கவில்லை' என்பதை அடித்துவிட்டேன். கதை இப்போது, பாட்டி தூங்கிய பிறகு அவன் கடிதத்தை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் மெல்ல, முழுசாக வாசிப்பதில் முடிகிறது.