பதினைந்து நாளில் என்ன ஆட்டம்?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நன்கொடை கேட்டு ஒரு இணையச் சுட்டி வந்து விழுந்தது. அனுப்பியவள் லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள். கல்லூரி விடுமுறையில் நைரோபி போகிறாளாம். அங்கே ஒரு குடிசைப் பகுதியில் 15 நாள் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தரப் போகிறாள். விமானம், தங்கும் இடம், ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்ட் திரட்ட வேண்டும். சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று எல்லோரும் வரிசையாக இதயம் போட்டார்கள். நான் மட்டும், "அங்கே வருஷம் முழுக்க யார் வகுப்பு எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். குழு கப்சிப்.

அவள் எட்டு வயதிலிருந்து பரதம் கற்றவள், அரங்கேற்றம் முடித்தவள். அவளுடைய நல்ல மனசில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அந்தப் பதினைந்து நாளின் மேல்தான் சந்தேகம். அவளுக்கே முதல் பாடமான தட்டடவில், முழங்காலை மடக்கி அரைமண்டி நிற்க எத்தனை மாதம் ஆயிற்று என்பது, அண்ணி போனில் புலம்பியதை எல்லாம் கேட்ட எனக்குத் தெரியும்.

இந்த எரிச்சலுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2005 தொடக்கம், சுனாமி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாகப்பட்டினம் பக்கம் ஒரு தற்காலிகக் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன கல்லூரி மாணவிகளில் நானும் ஒருத்தி. மதியத்தில் அந்தக் கொட்டகைக்குள் மனுஷர் உட்கார முடியாது. அங்கே ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் கைமத்தளத்தோடு வந்தார்கள். பத்து நாள் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது நன்றாகவே இருந்தது. அதுவரை யாரோடும் பேசாத ஒரு பையன், கடல் இருக்கும் பக்கமே முகத்தைத் திருப்பாதவன், கைகாலை உதறிக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன்.

பதினோராம் நாள் மத்தளமும் கேமராவும் பெட்டிக்குள் போயின. அப்புறம் ரொம்ப நாள் அந்தப் பையன் சாயங்காலம் ஆனால் வந்து நிற்பான். "அந்த அக்கா எப்ப வருவாங்க?" எங்களிடம் பதில் இல்லை. அதைவிட மோசம், எங்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது. அங்கேயே இருக்கப் போகிற எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

இதை வைத்து வெளியாள் யாரும் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போய் உருப்படியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ராய்ஸ்டன் மால்டூம் என்று பிரிட்டனைச் சேர்ந்த நடன அமைப்பாளர். 1996இல் எத்தியோப்பியாவின் தலைநகரான ஆடிஸ் அபாபாவில், தெருவே வீடாக இருந்த பிள்ளைகள் சுமார் நூறு பேரை வைத்து ஒரு நிகழ்ச்சி அமைத்தார். எடுத்துக்கொண்டது ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் 'கார்மினா புரானா'. பெரிய பாடகர் குழுவும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து முழங்குகிற இசை. ஏழைப் பிள்ளைகள்தானே, இரண்டு குதி குதிக்க வைத்து அனுப்பிவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்தது. இந்த மாதிரித் திட்டங்களில் பெரும்பாலானவை அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு முடிந்துவிடும். இங்கே அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைகளில் 18 பேரைத் தேர்ந்தெடுத்து ஐந்து வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். அடுக்னா என்ற நடனக் குழு அப்படித்தான் உருவானது. இரட்டைக் குழந்தைகள் பிறந்து திண்டாடும் ஏழைக் குடும்பங்களுக்கு உதவுகிற ஜெமினி அறக்கட்டளை என்ற உள்ளூர் அமைப்பு அதைத் தாங்கிப் பிடித்தது. ஐந்து வருஷம் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஏறக்குறைய ஒருவர் டாக்டருக்குப் படித்து முடிக்கிற காலம்.

நூறில் 18 என்ற கணக்கு எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. மேடையில் ஒன்றாக ஆடிவிட்டு, தேர்வில் பெயர் வராமல் திரும்பிப்போன பிள்ளைக்கு அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் நூறு பேருக்குப் பத்து நாளா, 18 பேருக்கு ஐந்து வருஷமா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம், அந்த 18 பேர் ஆடுகிறவர்களாக மட்டும் நிற்கவில்லை. சொல்லித் தருகிறவர்களாக ஆனார்கள். ஆடம் பெஞ்சமின் என்ற நடன ஆசிரியர் அங்கே போனபோது, உடல் ஊனமுற்ற இளைஞர்களோடு சேர்ந்து ஆடவும் அவர்களுக்குக் கற்றுத் தரவும் பழகினார்கள். அந்தப் பதினெட்டில் ஒருவரான ஜுனைத் ஜெமால் செண்டி 2004இல் ஜப்பானிய நடனக் கலைஞர் சபுரோ தெஷிகவாராவிடம் சீடராகச் சேர்ந்தார். 2009இல் ஜுனைதும் அதே குழுவின் அடிசு தெமிசியும் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில், அந்த ஊர்க்காரர்களையும் மேடையேற்றி ஆடினார்கள். ஆடிஸ் அபாபாவுக்கு நடனம் கொண்டுபோன ஊருக்கே ஆடிஸ் அபாபாவிலிருந்து வந்தார்கள்.

மால்டூமிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று அவருடைய கறார். 2003இல் பெர்லினில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் கலந்த 250 மாணவர்களை ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ஆட வைத்தார். வாசித்தது பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு, நடத்தியது சைமன் ராட்டில், ஆடிய இடம் ஒரு பழைய பேருந்துப் பணிமனை. அதை ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கெக்கலி கொட்டுகிறார்கள், நிற்கச் சொன்னால் நெளிகிறார்கள். அவர் விடுவதில்லை. அமைதி, நேர்ப்பார்வை, ஆடாமல் நில். பள்ளி ஆசிரியர்களே, இவ்வளவு கெடுபிடி வேண்டாமே என்று இழுக்கிறார்கள். அவர் மசியவில்லை.

பார்க்கும்போது எனக்கும் முதலில் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னால் இது முடியும் என்று நம்புகிறவர்தான் திரும்பச் செய் என்பார். முடியாது என்று முன்பே முடிவு கட்டியவர், என்ன செய்தாலும் சூப்பர் என்று கைதட்டிவிட்டுப் போவார். நாகப்பட்டினத்தில் நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

சும்மா நிற்பது அல்லல்பட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். அடி வரும், விரட்டுவார்கள் என்றே பழகிய உடம்பு எப்போதும் ஓடத் தயாராக இருக்கும். தோள் காதுவரை ஏறியிருக்கும், கண் வாசலில் இருக்கும். அந்த உடம்பு இரண்டு காலையும் ஊன்றி, ஒரு நிமிஷம் யாரையும் பார்க்காமல் நிற்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவன் தூக்குவான், விடமாட்டான் என்று நம்பிச் சாய வேண்டும். அந்த நம்பிக்கை வரும் நேரத்தில் சொல்லித் தருபவர் விமானம் ஏறினால், பெரியவர்கள் எப்போதும் போய்விடுவார்கள் என்று அவன் ஏற்கெனவே படித்த பாடத்தை இன்னொரு தடவை படிக்கிறான்.

இன்னொன்று. போகிற ஊரில் ஆட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. எத்தியோப்பியாவில் தோளாலேயே ஆடுகிற இஸ்கிஸ்தா என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. நம் ஆட்களை ஆடச் சொன்னால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். 2020இல் நைஜீரியாவின் லாகோஸில் ஒரு சிறுவன் மழையில் வெறுங்காலோடு பாலே ஆடிய வீடியோ உலகம் சுற்றியதே, நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். அவன் ஆடக் கற்ற பள்ளியை 2017இல் தொடங்கிய டேனியல் அஜாலா அந்த ஊர்க்காரர், பாலேவைத் தானாகவே கற்றுக்கொண்டவர், பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார். இங்கே கொல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தி 2004இல் தொடங்கிய சன்வேத் அமைப்பில், கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களே பயிற்சி பெற்று மற்றவர்களுக்கு ஆசிரியர்களாகிறார்கள்.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்குத் தனியாக எழுதினேன். "அப்ப நான் போகவே கூடாதா அத்தை?" என்று கேட்டாள். போ, தாராளமாகப் போ. அங்கே ஒரு மாஸ்டர் இருந்தால் அவருக்கு உதவியாளாகப் போ. பாய் விரி, தண்ணீர் எடுத்து வை, அவர் கேட்டால் மட்டும் நாலு அடவு சொல்லிக் கொடு, அதையும் பிள்ளைகளை விட அவருக்குச் சொல்லிக் கொடு. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வருகிறார்களா, பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போகிறார்களா என்று பார். அந்தச் சுட்டியில் மூக்கொழுகும் குழந்தை படம் போட்டிருக்கிறீர்களே, அதன் அம்மாவிடம் யார் அனுமதி கேட்டது என்று விசாரி.

நீலக் குறி விழுந்து மூன்று நாள் ஆகிறது, பதில் இல்லை. அண்ணிதான் கூப்பிட்டார்: "காசு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

பாதித் தொகையை அனுப்பிவிட்டேன். மீதி, நைரோபியில் வகுப்பு எடுக்கிறவர் பெயர் தெரிந்த பிறகு.