பைராடாவை விட்டுவிட்டீர்களே

போர்த்துகல் சிவப்பு ஒயின் பற்றிய உங்கள் கட்டுரை டோரு, அலென்டேஜு என்ற இரண்டு ஒயின் வட்டாரங்களோடு நின்றுவிட்டது வருத்தமாக இருக்கிறது. கோயிம்ப்ரா, அவெய்ரு நகரங்களுக்கு நடுவே, அட்லாண்டிக் கடலுக்கு அருகில் இருக்கும் பைராடாவைக் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும். 1979-ல் அதிகாரப்பூர்வ ஒயின் வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலம். அங்கே பாகா என்ற கறுப்புத் திராட்சைதான் ராஜா.

பாகா சுலபமான பழம் இல்லை. தாமதமாகப் பழுக்கும், அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் அழுகிப்போகும். இளம் ஒயினில் துவர்ப்பும் புளிப்பும் நாக்கை இழுக்கும். ஆனால் நல்ல வருடத்துப் பாகாவைப் பத்துப் பதினைந்து வருடம் விட்டுவைத்தால் அந்த முரட்டுத்தனம் அடங்கி, உலர்ந்த செர்ரி, புகையிலை, ஈர மண் வாசனை எல்லாம் வெளியே வரும். பைராடாவின் ஒயின் தயாரிப்பாளர் லூயிஸ் பாட்டோ இந்தத் திராட்சைக்காக எவ்வளவு உழைத்தார் என்பதற்கே தனிக் கட்டுரை எழுதலாம்.

சாப்பாடு என்றால், அங்கே மெயால்யாடா ஊர்ப் பக்கம் பெயர் பெற்ற பால்குடிப் பன்றி வறுவல், லெய்த்தாவ். அதற்குப் பலரும் நுரைக்கும் ஒயின்தான் கேட்பார்கள், அதுவும் சரிதான். என் ஓட்டு ஷான்ஃபானாவுக்கு. முற்றின ஆட்டை மண்சட்டியில் சிவப்பு ஒயின் ஊற்றி, விறகு அடுப்பில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள். அந்தக் கொழுப்பைப் பாகாவின் புளிப்பு அழகாக வெட்டிவிடும். அப்புறம், மீனுக்கு மட்டும் இளம் பாகாவைத் திறக்காதீர்கள்.